பச்சை வானமா, ஆரஞ்சு வானமா: ஃபால்அவுட்டை எதிலிருந்து தொடங்குவது?

சித்தி மகன் ஒருவன் இருக்கிறான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 2024-ல் வந்த ஃபால்அவுட் சீரீஸைப் பார்த்து முடித்த கையோடு எனக்கு போன் போட்டான். "அண்ணே, இதோட கேம் ஆடணும். நாலஞ்சு இருக்கு, எதை வாங்குறது?" கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையின் தள்ளுபடி முடிய இரண்டு நாள்தான் பாக்கி. எது நல்ல கேம் என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவன் அதோடு விடவில்லை. "சீரீஸ்ல ஒரு ஃபீல் இருந்துச்சுல்ல, எல்லாம் அழிஞ்சு போய்க் கிடக்கும், பழைய பாட்டு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அது எதுல இருக்கு?"

எல்லாவற்றிலும் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருக்கிறது. கதைப்படி எல்லாம் ஒரே உலகம்தான். 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுகின்றன, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் பேர் மட்டும் 'வால்ட்' எனும் நிலத்தடிப் புகலிடங்களில் தப்புகிறார்கள். அழிந்துபோன அந்த உலகமும் நம்முடையது கிடையாது. 1950-களின் அமெரிக்கா தன் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்ததோ, அப்படியே வளர்ந்த உலகம்: அணுசக்தியில் ஓடும் குண்டுக் கார்கள், வால்வு ரேடியோக்கள், சிரித்த முகத்துடன் விளம்பரங்கள். இதுவரை எல்லா பாகத்துக்கும் பொது. மேலே இருக்கும் வானத்தின் நிறம்தான் பாகத்துக்குப் பாகம் மாறுகிறது, அதோடு சேர்ந்து ஆடுபவனின் மனசும் மாறுகிறது.

இதை எடைபோட என்னிடம் ஒரு முரட்டு வழி உண்டு. கேமுக்குப் பூசியிருக்கும் சாயத்தைக் கழுவிவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. கணினியில் 'மோட்', அதாவது கேமை மாற்ற ரசிகர்கள் எழுதும் நிரல், போட்டு இதை நிஜமாகவே செய்யலாம்.

ஃபால்அவுட் 3-இல் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சாயம் என்றாலே அதுதான். பெதெஸ்டா நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. இடம் வாஷிங்டன் டிசி, காலம் 2277, குண்டு விழுந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு. வால்ட் 101-க்குள் தவழ்ந்து, வளர்ந்து, பள்ளிப் பரீட்சை எழுதி, பத்தொன்பது வயதில் முதல்முறையாக வெளியே வருகிறோம். அந்த இருபது விநாடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கதவைத் திறந்ததும் திரை முழுக்க வெள்ளை. கண் கூசுவதுபோலச் சிறிது நேரம் ஒன்றுமே தெரியாது. அந்த வெள்ளை மெல்ல வடியும்போது முதலில் பாறை, அப்புறம் பட்ட மரங்கள், அதற்கும் கீழே கூரை பிய்ந்த வீடுகள். பக்கத்திலேயே ஒரு பலகை, இங்கிருந்து காட்சி அழகாகத் தெரியும் என்கிறது. போருக்கு முன் சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்தது. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிவதெல்லாம் ஒரு பச்சை. புல்லின் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் ஒரு நிறம் வருமே, அந்தப் பச்சை. வானம், மண், சுவர், மனிதத் தோல் என எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. கையில் கட்டியிருக்கும் பிப்-பாய் கருவியின் திரையும் பச்சைதான்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அன்றைய எக்ஸ்பாக்ஸ் 360-இல் மொத்த நினைவகமே 512 எம்பி. அதற்குள் ஒரு நகரத்தையும் அதைச் சுற்றிய பொட்டல்காட்டையும் அடைக்க வேண்டும் என்றால், தூரத்தில் இருப்பதை மூட்டத்தில் மறைத்தே ஆக வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரே பாறை, ஒரே இடிந்த சுவர் கண்ணில் உறுத்தாமல் இருக்கவும் ஒரே சாயம் கைகொடுக்கும்.

சரி, கழுவிப் பார்த்தால்? 'ஃபெல்அவுட்' என்று ஒரு பிரபலமான மோட் இருக்கிறது, அந்தப் பச்சையை நீக்குவதற்கென்றே எழுதியது. இரண்டாவது முறை ஆடும்போது அதைப் போட்டுப் பார்த்தேன். வானம் நீலமாயிற்று, மண் மண்ணாயிற்று. முதல் பத்து நிமிடம் ஆகா என்றிருந்தது. அப்புறம் வேறு விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. இருநூறு ஆண்டு கழிந்தும் கடை அலமாரியில் டப்பா உணவு அப்படியே இருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டில்கூட யாரும் தரையைப் பெருக்கவில்லை. மெகாடன் என்ற ஊர் வெடிக்காத அணுகுண்டைச் சுற்றியே வாழ்கிறது, அந்த ஊர் எதை விளைவித்துச் சாப்பிடுகிறது என்று தேடினால் ஒரு பாத்தி கீரை இல்லை. பச்சை இருந்தவரை இந்தக் கேள்வி எதுவும் எனக்கு எழவில்லை. கெட்ட கனவில் நடக்கும்போது சோறு எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்பார்கள்? ஆக, ஃபால்அவுட் 3-இன் மனநிலையைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் சாயம்தான். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வரிசையில் துக்கத்தை இவ்வளவு சுத்தமாகக் கொடுத்தது வேறு எதுவும் இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைவீர்கள், கட்டிலில் இரண்டு எலும்புக்கூடுகள் அருகருகே படுத்திருக்கும், அவ்வளவுதான். யாரும் கதை சொல்ல மாட்டார்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவீர்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஃபால்அவுட் 3-இன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரில் அறிவித்தது. இங்குள்ள பண்பாட்டு உணர்வுகளைக் கருதி என்று சொன்னார்களே தவிர, எது உறுத்தியது என்று சொல்லவில்லை. கேமில் வரும் இரட்டைத் தலை மாட்டின் பெயர் 'பிராமின்'. அதுதான் காரணமாக இருக்கும் என்று அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள். இன்று ஸ்டீமில் இரண்டு தட்டில் வாங்கிவிடலாம், பிராமினும் அதில் நிம்மதியாக மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது நியூ வேகஸ், 2010. இதைச் செய்தது ஆப்சிடியன் என்ற வேறு நிறுவனம், கிடைத்த அவகாசம் ஏறக்குறைய பதினெட்டு மாதம். எஞ்சின் ஃபால்அவுட் 3-உடையது, துப்பாக்கி முதல் நாற்காலி வரை பாதிப் பொருட்களும் அங்கிருந்தே வந்தவை. அதே எலும்புக்கு வேறு சதை. அதனாலேயே என் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

இங்கே சாயம் ஆரஞ்சு. நெவாடாவின் மொஹாவி பாலைவனம், மாலை நான்கு மணி வெயில் நாள் முழுக்க அடிப்பதுபோல ஒரு நிறம். பிப்-பாய் திரையும் இங்கே ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு மாறிவிடுகிறது. தலையில் சுடப்பட்டு, குழியில் புதைக்கப்பட்டு, ஒரு கிழட்டு டாக்டர் பிழைக்கவைத்து, அவர் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால் குட்ஸ்ப்ரிங்ஸ். மறுபடியும் ஒரு வெள்ளைக் கூச்சம், அதே பழைய தந்திரம். ஆனால் வெள்ளை வடிந்ததும் கண்ணில் படுவது வேறு. வேலிக்குள் ஆடு மாதிரி எதையோ வளர்க்கிறார்கள், தோட்டம் போட்டிருக்கிறார்கள், சாராயக்கடை வாசலில் ஒரு கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். குட்ஸ்ப்ரிங்ஸ் நிஜ ஊர். லாஸ் வேகஸுக்குத் தென்மேற்கே இருக்கிறது. அந்தச் சாராயக்கடைக்கு மாதிரியான பயனியர் சலூன் 1913-ல் கட்டியது, இன்றும் இருக்கிறது.

இங்கே வானம் ஏன் செத்துப்போகவில்லை என்பதற்குக் கதைக்குள்ளேயே கணக்கு வைத்திருக்கிறார்கள். வேகஸைக் குறிவைத்து 77 அணு ஏவுகணைகள் வந்தன. மிஸ்டர் ஹவுஸ் என்ற கோடீஸ்வரர் 59-ஐச் செயலிழக்கச் செய்தார், இன்னொரு 9-ஐத் தன் கோபுரத்தின் மேலிருந்து லேசரால் சுட்டு வீழ்த்தினார். அந்தக் கோபுரம்தான் லக்கி 38. ராத்திரியில் பாலைவனத்தில் எங்கே நின்றாலும் பெரும்பாலும் அதன் வெளிச்சம் தெரியும். ஊரில் திருவிழா நடக்கும்போது பக்கத்து ஊர் வயலில் நின்று பார்ப்பதுபோல ஒரு ஏக்கம் வரும். நேராக வடக்கே போனால் அரை மணி நேரத்தில் போய்விடலாம், வழியில் ராட்சதப் பல்லிகளும் குளவிகளும் கொன்றுபோடும். அதனால் தெற்கே சுற்றி, பிரிம், நிப்டன், நோவாக் என்று ஊர் ஊராகத்தான் போக வேண்டும். அந்த வெளிச்சம் பல மணி நேரம் இடப்பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும்.

ஆரஞ்சைக் கழுவிப் பார்த்தேன், அதற்கும் மோட் இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை. நிப்டனுக்குள் நுழையும்போது எரியும் டயர் புகைக்கு நடுவே, அந்த ஊரை அழித்தவன் வந்து பேசும் அந்தக் குளிர்ந்த பேச்சு, நீல வானத்தின் கீழும் அதே அளவு வயிற்றைக் கலக்கியது. யார் எதை விளைவிக்கிறார்கள், யார் யாருக்கு வரி கட்டுகிறார்கள், ஹூவர் அணையின் மின்சாரம் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் தெளிவாக இருப்பதால் சாயத்துக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை.

தண்ணீரை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். ஃபால்அவுட் 3-இல் ஆற்றிலோ குட்டையிலோ வாய் வைத்தால் ஒவ்வொரு மடக்குக்கும் கதிர்வீச்சு மீட்டர் கிர்ரென்று ஏறும். மொத்தக் கதையே தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றியது. நியூ வேகஸில் குட்ஸ்ப்ரிங்ஸ் ஊற்றில் பயமில்லாமல் குடிக்கலாம். அங்கே சண்டை, அந்தத் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பதில். முதலாவதில் சாவுவீட்டு மனநிலை, இரண்டாவதில் சொத்துத் தகராறு மனநிலை. இப்படிச் சொன்னதும் போனில் அவன் சிரித்தான், ஆனால் இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நியூ வேகஸில் ஒரு ஏமாற்றமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அத்தனை நேரம் ஏங்கவைத்த அந்த வேகஸ் வீதிக்குள் கடைசியில் நுழைந்தால், கதவு போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்த தெரு, ஆங்காங்கே நாலு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். தூரத்தில் பார்த்த வெளிச்சமே அழகு.

முதல் ஃபால்அவுட் 1997-ல் இன்டர்பிளே வெளியிட்டது. அதைப் பலரும் மரியாதைக்காகப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஆடாமல் விட்டுவிடுகிறார்கள். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், கட்டம் கட்டமாக நகர்வது, முறை வைத்துச் சண்டை. சாயம் பூச வழியே இல்லாத காலம். மொத்தம் 256 நிறம்தான் கையில். அதில் பெரும் பங்கைத் துருவுக்கும் மணலுக்கும் சாம்பலுக்கும் கொடுத்துவிட்டார்கள். மிச்சத்தில் சில நிறங்களை மட்டும் தானாக அசையும்படி வைத்தார்கள்: நச்சுக் கழிவின் பச்சை, நெருப்பு, கணினித் திரையின் மினுக்கல், கரையோரத் தண்ணீர். செத்த திரையில் அசைவது இவை மட்டும்தான் என்பதால் கண் தானாக அங்கே போகும், பயமும் கூடவே போகும். மார்க் மார்கனின் பின்னணி இசையில் முணுமுணுக்க ஒரு மெட்டுகூடக் கிடையாது. காற்று, உலோக உறுமல், எங்கோ யாரோ ஓதுவதுபோல ஒரு குரல். முக்கியமான சிலரிடம் பேசும்போது மட்டும் பெரிதாக ஒரு முகம் திரையில் வரும். களிமண்ணில் தலையைச் செய்து, அதைக் கணினிக்குள் ஏற்றி அசைத்திருக்கிறார்கள். அந்தத் தோலில் ஒரு ஈரம் இருக்கும், இன்றைய கிராஃபிக்ஸில் அது வரவே இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு கெடு: 150 நாளுக்குள் வால்ட் 13-இன் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கு ஒரு சிப் கொண்டுவர வேண்டும். அந்த மனநிலைக்குப் பெயர் துக்கம் கிடையாது, படபடப்பு. சீரீஸில் வரும் பழைய பாட்டு, அழிந்த நகரம் என்ற ஜோடி இங்கேதான் பிறந்தது. கேம் தொடங்கும்போது ஒரு டிவியில் விளம்பரம் ஓடும், இங்க் ஸ்பாட்ஸ் குழுவின் காதல் பாட்டு ஒலிக்கும், கேமரா மெதுவாகப் பின்னால் வர வர அந்த டிவி இடிந்த கட்டடத்துக்குள் இருப்பது தெரியும். அந்த நிமிடத்தை மட்டுமாவது எல்லாரும் பார்க்க வேண்டும். முழுதாக ஆடுவதற்குப் பொறுமை வேண்டும், நிறைய ஆங்கிலம் வாசிக்கவும் வேண்டும். என் தம்பிக்கு இரண்டிலும் சந்தேகம் எனக்கு.

ஃபால்அவுட் 4, 2015, பாஸ்டன். இதில் கழுவுவதற்குச் சாயம் கிடையாது. வானம் பளிச்சென்ற நீலம், வால்ட் உடை இன்னும் நீலம், துருப்பிடித்த கார்கூடச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். தொடக்கம் பிரமாதம். குண்டு விழும் அன்று காலை, இலையுதிர்கால வெயிலில் உங்கள் சொந்த வீட்டில் நிற்கிறீர்கள், ரோபோ காபி கொடுக்கிறது. 210 ஆண்டு உறைந்து கிடந்துவிட்டு அதே தெருவுக்குத் திரும்புகிறீர்கள். அதே வீடு, அதே அறை, குழந்தையின் தொட்டில் அங்கேயே இருக்கிறது. நெஞ்சை அடைக்க வேண்டிய இடம், அடைக்கவும் செய்கிறது. அப்புறம் கேம் உங்கள் கையில் சுத்தியலைக் கொடுத்து ஊர் கட்டச் சொல்கிறது. அதற்குத் திருகாணி வேண்டும், மேசை மின்விசிறியைப் பிரித்தால் திருகாணி கிடைக்கும். அன்றிலிருந்து எந்தப் பாழடைந்த வீட்டுக்குள் போனாலும், இங்கே யார் வாழ்ந்தார்கள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஃபேன் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பழைய இரும்புக் கடைக்காரர் மனநிலை. அதிலும் ஒரு சுகம் இருக்கிறது, இருநூறு மணி நேரம் போனதே தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கேட்ட ஃபீல் இது இல்லை. தென்மேற்கு மூலையில் ஒளிரும் கடல் என்று ஒரு பகுதி உண்டு, மஞ்சளும் பச்சையுமாய்ப் புழுதி, பத்தடிக்கு மேல் தெரியாது. அங்கே மட்டும் பழைய பயம் திரும்ப வருகிறது, ஃபேனும் கிடைப்பதில்லை.

ஃபால்அவுட் 76 ஆன்லைன் கேம், மேற்கு வர்ஜீனியா, வண்ண வண்ணமாக இலையுதிர் மலைகள். தனிமையைத் தேடிப் போகிறவன் கூட்டத்தோடு ஆட வேண்டியிருக்கும், இப்போதைக்கு வேண்டாம். வரிசைக்கு வெளியே ஒன்று சொல்வதானால் 2020-ல் வந்த வேஸ்ட்லேண்ட் 3. ஃபால்அவுட்டுக்கே தாய்வழி உறவு, ஏனென்றால் 1988-ல் வந்த முதல் வேஸ்ட்லேண்டின் வழியில்தான் ஃபால்அவுட் உருவானது. கொலராடோ பனி, திரை முழுக்க வெள்ளை, அதன் மேல் ரத்தம். பாலைவனம் அலுத்தவர்கள் அங்கே போகலாம்.

ஆக, போட்டி 3-க்கும் நியூ வேகஸுக்கும்தான். என் சோதனைப்படி நியூ வேகஸ் ஜெயித்துவிட்டது, அதையே வாங்கச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நான் சொன்னது வேறு. மனநிலைக்காகத்தான் ஆடப் போகிறாய் என்றால் 3-ஐ முதலில் ஆடு. காரணம், வரிசை மாறினால் 3 தாங்காது. நியூ வேகஸில் எல்லாவற்றுக்கும் காரண காரியம் பார்த்துப் பழகிய பிறகு 3-க்குப் போனால், அந்த டப்பா உணவும் பெருக்காத தரையும் முதல் நாளே சிரிப்பை வரவழைத்துவிடும். 4-ஐ முதலில் ஆடினால் இன்னும் மோசம், 3-இல் துப்பாக்கி பிடிப்பதே மரக்கட்டையைப் பிடித்ததுபோல இருக்கும். ஒன்றும் தெரியாமல் போகிறவனிடம்தான் அந்தப் பச்சை பலிக்கும். நியூ வேகஸுக்கு அந்தக் கவலை இல்லை, எப்போது போனாலும் காத்திருக்கும்.

3-ஐ முதல் முறை ராத்திரியில் ஆடச் சொன்னேன், கேமுக்குள் வரும் ரேடியோவையும் அணைத்து வைக்கச் சொன்னேன். த்ரீ டாக் என்ற அறிவிப்பாளர் நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் பேசிப் பேசித் தனிமையைக் கெடுத்துவிடுவார். பத்து மணி நேரம் காற்றை மட்டும் கேட்டு நடந்துவிட்டு, அப்புறம் பாட்டைப் போட்டால் அது வேறு பாட்டாக இருக்கும். நியூ வேகஸில் இது நேர்மாறு. அங்கே கௌபாய் பாட்டு இல்லாமல் நெடுஞ்சாலையில் நடப்பது உப்பில்லாத கஞ்சி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் எங்கண்ணே ராத்திரி ஆடுறது?" என்றான். அங்கேதான் கணக்கு மாறிற்று. அவன் கணினி ஹாலில் இருக்கிறது, ஜன்னலுக்கு எதிரே. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஹால் சித்தியின் ராஜ்யம், டிவி ஓடும். இவனுக்குக் கிடைப்பது மதியம் இரண்டு முதல் ஐந்து. ஃபால்அவுட் 3-ஐ மதுரை வெயிலில், ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்க ஆட முயன்றவன் நான். பச்சை, கறுப்பு, சாம்பல் எல்லாம் ஒன்றாகி, சுரங்கப்பாதைகளில் என் முகம்தான் தெரிந்தது. பிரைட்னஸை ஏற்றினால் எல்லாம் தெரியும், ஆனால் களிம்பு நிறம் வெளுத்து மோர் நிறமாகிவிடும். அதற்கு அதை ஆடாமலே இருக்கலாம்.

நியூ வேகஸை வாங்கச் சொன்னேன். வெயிலில் ஆடலாம், வெயிலிலேயே நடக்கும் கதை. அவனுடைய தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கணினியிலும் ஓடும், 4 ஜிபி பேட்ச் என்று, கேம் கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்தவிடும் ஒரு சிறு நிரலை மட்டும் போட்டுக்கொண்டால் அடிக்கடி நின்று தொலைக்காது. ஃபால்அவுட் 4 அந்தக் கணினியில் திணறும். 3-ஐயும் இதே தள்ளுபடியில் வாங்கி வைத்துக்கொள், ஹாஸ்டலுக்குப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு ஆடு என்றேன். வரிசை மாறிப்போகிறதே என்று எனக்குள் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்தது.

இரண்டு வாரம் கழித்து மெசேஜ் வந்தது. நோவாக்கில் அந்தப் பெரிய டைனோசர் பொம்மையின் வாய்க்குள் நின்று எடுத்த ஸ்கிரீன்ஷாட், தூரத்தில் லக்கி 38 புள்ளியாகத் தெரிகிறது. கீழே, "இன்னும் உள்ள போகலண்ணே. இங்கேர்ந்தே நல்லாருக்கு."